மேஜர் ஆவுடையம்மாள்

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி, தாராளமாக அமருங்கள். சன்னலோரத்தை உங்களுக்கு விட்டுத் தந்திருப்பேன். ஆனால் இன்று அந்த ஓரம் எனக்கே தேவைப்படுகிறது. இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில், மாம்பழ நிறப் புடவையில், தலை கவிழ்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மையார் தெரிவார். தெரிகிறாரா? அவர் என் மனைவி. பெயர் ஆவுடையம்மாள். வயது ஐம்பத்தாறு. இன்று முற்பகல் முதல் கல்லூரி மாணவி.

சிரிக்காதீர்கள். அல்லது சிரியுங்கள், பரவாயில்லை. நானே காலையிலிருந்து காரணமின்றிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நடத்துநர் தென்காசிக்கா என்று கேட்டதற்குக்கூடச் சிரித்தேன்.

என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது முறை. குற்றாலலிங்கம் என்பது என் பெயர். ஊரார் குத்தாலிங்கம் என்றே அழைப்பர். நான் கையொப்பமிடும்போது ஒவ்வொரு முறையும் திருத்திவிடுகிறேன். தென்காசியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னை இழந்தது. அதன் பிறகு அச்சில் வந்த எதையும் நான் வாசிக்காமல் விட்டதில்லை. எங்கள் வட்டாரத்தில் திருமண அழைப்பிதழாகட்டும், புதுமனை புகுவிழாவாகட்டும், கண்ணீர் அஞ்சலியாகட்டும், வாசகம் என்னுடையது. பாத்திரத்துக்கு வாடகை உண்டு, வாசகத்துக்கு இல்லை. “நிகழும் மங்களகரமான” என்று நான் தொடங்கினால், மணமக்கள் கடைசி வரியில்தான் வந்து சேர்வார்கள். அதற்குள் உறவினர்க்குக் கண் கலங்கிவிடும்.

இத்தகைய ஒருவனுடைய மனைவி கல்லூரிக்குச் செல்கிறாள் என்றால் அவள் எதைப் படிக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். தமிழ்தானே? இலக்கியம்தானே? நானும் அவ்வாறே முடிவு செய்தேன். அவளிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவை எழவில்லை. சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதினெட்டு முடிந்ததும் என்னை மணந்து வந்தவள். பிள்ளைகளைக் கரையேற்றிய பின், சென்ற ஆண்டு தனித்தேர்வராக எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறினாள். நம் பக்கத்திலேயே, வயதைக் கேட்காமல் மதிப்பெண்ணை மட்டும் கேட்கும் கல்லூரி ஒன்று இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். பெயர் வேண்டாம், நாளைக்கே கூட்டம் கூடிவிடும். அவள் புத்தகங்களைக் கொண்டுவருவாள், மாலையில் நான் அவற்றை வாசிப்பேன், அவளுக்கு விளக்குவேன், ஐயம் இருப்பின் அவள் வழியாகப் பேராசிரியரைக் கேட்பேன். திட்டம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

நேற்றே பதாகையும் வைத்துவிட்டேன். எங்கள் தெருமுனையில், மின்கம்பத்துக்கு அருகில். “தண்டமிழ் இலக்கியம் பயிலக் கல்லூரி ஏகும் எம் இல்லத்தின் நல்விளக்கே, வருக, வெல்க” என்பது வாசகம். இன்று காலை பேருந்துக்கு வரும் வழியில் அவள் அதன் முன் சற்று நின்றாள்.

“இதுல எம் படம் எங்க?” என்றாள்.

வலது மூலையில் வட்டத்துக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

“நடுவுல பெரிசா இருக்கது யாரு?”

“வாழ்த்துவோன்,” என்றேன்.

“கல்லூரிக்குப் போறது நானா, வாழ்த்துறவரா?” என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டாள். வெட்கம், தம்பி. பெண்களுக்குப் புகழ் வந்தால் இப்படித்தான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விரைவாக நடப்பார்கள்.

பாவூர்ச்சத்திரம் தாண்டட்டும், சாரல் முகத்தில் அடிக்கும். ஆனி மாதமல்லவா. அந்தச் சாரல் குற்றால அருவியின் திவலை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அருவி பாறையில் மோதுகிறது, நீர் பொடிப்பொடியாகச் சிதறுகிறது, காற்று அதை அள்ளிவந்து ஊருக்குள் தூவுகிறது. தெரியாதா? பாருங்கள், இதையெல்லாம் எவரும் கற்பிப்பதில்லை. நானே ஆராய்ந்து அறிந்தது. இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கு இன்று ஒரு வேலை இருந்தது. வருகிறேன்.

கல்லூரியில் சேர்க்கைக்கென ஓர் அறை. அறைக்கு ஒரு சன்னல். சன்னலுக்குள் ஓர் எழுத்தர். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்க, மூக்கில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “பேத்திய எங்க?” என்றார்.

“பேத்தி பள்ளிக்கூடத்துல இருக்கா. வந்திருக்கது நான்,” என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் எழுந்து நின்றார் தம்பி, எழுந்தே நின்றார். பிறகு உட்கார்ந்து, “சரிம்மா. மேஜர் என்ன?” என்றார்.

இந்த இடத்தில் நான் தலையிட வேண்டியதாயிற்று. “ஐயா, என் மனைவி மேஜராகி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. திருமணமே அதன் பின்னர்தான் நடந்தது. அழைப்பிதழ் வேண்டுமானால் கொண்டுவருகிறேன்,” என்றேன்.

எங்களுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. எழுத்தர் சிரிக்கவில்லை, பண்பாளர். “அது இல்ல அண்ணாச்சி. முக்கியமா எதப் படிக்கப் போறாங்கன்னு கேக்கேன். அதுக்குப் பேருதான் மேஜர். கூட ஒண்ணு படிக்கணும், அது அலைடு,” என்றார்.

“முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்று கூறலாமே,” என்றேன்.

“நீங்க கூறுங்க, நான் மேஜர்னே எழுதிக்கிடுதேன்.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். தமிழ் என்னும் அந்தச் சொல்லை எவ்வளவு நேரம் இழுப்பது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் முந்தைய நாளே ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்குள் என் அருகிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“புவியியல், சார்.”

திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அவள்தான்.

பொது இடத்தில் மனைவியை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்று மறுத்தேன். பதாகையை நினைவூட்டினேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். தமிழுக்கு நம் வீட்டில் உள்ள செல்வாக்கை எடுத்துரைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். என் நடையில் சொன்னால் அழகு கூடும், ஆனால் உண்மை குறைந்துவிடும்.

“எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டு தெரு நடப்போம். ஒங்களக் கட்டிக்கிட்டு இங்க வந்து பஸ்ச விட்டு எறங்குதேன், வானம் பூப்பூவாத் தூவுது. நனையவும் இல்ல, காயவும் இல்ல. இந்தா இருக்கு எங்க ஊரு, அங்க ஒரு பொட்டு இல்ல. ஏன்னு ஒங்ககிட்டக் கேட்டேன். அருவி தெறிக்குன்னீய. சரின்னு கேட்டுக்கிட்டேன். அன்னைக்கே எனக்குச் சந்தேகம்.”

“என்ன சந்தேகம்?”

“அருவியில தண்ணி இல்லாத நாளும் சாரல் விழுதே, அது எப்படி?”

“அது முந்தைய நாள் தெறித்தது, காற்றில் தங்கியிருக்கும்,” என்றேன். தடுமாற்றமே இல்லாமல் சொன்னேன், தம்பி.

“இதான். இப்படித்தான். எதக் கேட்டாலும் ஒடனே ஒரு பதிலு. டெல்லிக்குப் போற ரயிலு ஏன் லேட்டுன்னு கேட்டேன். படத்துல வடக்கு மேல இருக்கு, ஏத்தத்துல ஏறணும்லான்னீய. நம்ம ஊர்ல ஏன் சீக்கிரமாப் பொழுது சாயிதுன்னு கேட்டேன். மேக்க மலை மறைக்குன்னீய. இதுல எது நெசம், எது ஒங்க சொந்தச் சரக்குன்னு எனக்குத் தெரியணும். இத்தன வருசமா கேக்கதுக்கு வேற ஆளு இல்ல. இப்பம் ஒரு காலேஜே இருக்கு. நான் கேக்கப் போறேன்.”

அதைச் சொல்லும்போது அவள் குரல் சற்றே நடுங்கியது. கண் என் முகத்தில் இல்லை. அந்தச் சன்னலின் மேல் இருந்தது, எங்கே அதை மூடிவிடுவார்களோ என்பதுபோல.

நான் என்ன ஆனேன் என்று நினைக்கிறீர்கள்? எனக்குப் புல்லரித்தது! ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் கூறிய கருத்துகளை, அவனுடைய துணைவியே மூன்றாண்டுக் காலம் முறைப்படி ஆராயப் போகிறாள் என்றால், எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? பெரும்புலவர்களுக்கே அவர்கள் காலத்துக்குப் பின்னர்தானே ஆராய்ச்சியாளர்கள் அமைகிறார்கள்! “ஆவுடை, இதை நீ முன்னமே சொல்லியிருக்கலாமே,” என்றேன். “சொன்னா நீங்க வெளக்கம் சொல்லிருவீயளே,” என்றாள். அவள் முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். நான் சன்னலுக்கு ஓடினேன். நானே அறிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம்.

புவி என்பது வடசொல். நீங்கள் அறிந்திருக்கலாம், அறியாதிருக்கலாம், நான் அறிவேன். என் வாயால் அறிவிக்கும் ஒரு சொல் கலப்பற்றதாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அழைப்பிதழ்களில்கூட முகூர்த்தத்தை நல்வேளையாக்கி, அதனால் இரண்டு சம்பந்திகளை இழந்தவன் நான். புவி என்றால் நிலம். ஆகவே புவியியல் என்றால்? மிக எளிது. சன்னலில் கையூன்றி, “எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நிலவியல்,” என்றேன்.

எழுத்தரின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானே மூக்குக்கு இறங்கியது.

“நிலவியலா? நெசமாவா?”

“ஐயமற.”

“அம்மாவுக்குச் சம்மதமா?”

“அவர் வாழ்நாள் ஏக்கமே அதுதான்.”

அவர் எழுதினார். எழுதிவிட்டு, உள்ளே திரும்பி, “சார்! ஒங்களுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்கு!” என்று கூவினார். உள்ளிருந்து உயரமான ஒரு பேராசிரியர் ஏறக்குறைய ஓடியே வந்தார். என் இரு கைகளையும் பற்றிக் குலுக்கினார். ஒரு பாடத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு மெய் சிலிர்த்தது. அதற்குள் ஆவுடையம்மாள் முகத்தைத் துடைத்தபடி வந்து சேர்ந்தாள். அவர் அவளிடம் குனிந்து, “அம்மா, ரொம்ப சந்தோசம். மலை ஏறுவீங்களா? பாறை ஒடச்சுப் பழக்கம் உண்டா?” என்றார்.

“பாறையா? தேங்காதான் ஒடச்சிருக்கேன்.”

“போதும்மா, சுத்தியல் நாங்க தருவோம்.”

“சுத்தியல் எதுக்கு?”

“நிலவியல்னா கல்லு, பாறை, கனிமம்தானம்மா. கையில சுத்தியலோடதான் கெளம்புவோம்.”

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிவந்த பாத்திரத்தில் ஓர் அண்டா குறைந்தால் நான் வேலையாட்களைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

“என்ன சொன்னீய?”

“நீ சொன்னதைத்தான். சற்றே தூய்மைப்படுத்தி.”

இதில் என் குற்றம் என்ன தம்பி? நிலத்தைப் பற்றிய படிப்புக்கு நிலவியல் என்று பெயர் வைத்துவிட்டு, அதனுள் கல்லை வைத்தால் யார் பொறுப்பு? சொல் சரியாகத்தான் இருக்கிறது. படிப்புத்தான் இடம் மாறியிருக்கிறது. இதைப் பேராசிரியரிடமே எடுத்துரைத்தேன். அவர் அதை யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், சற்று இருமினார்.

ஆனால் எழுத்தர் சன்னலுக்குள்ளிருந்து வேறொன்று கூவினார். “ஜாக்ரபியில கடைசியா ஒரு சீட்டுதாம்மா கெடக்கு. மாத்தணும்னா இப்பமே சொல்லுங்க. அந்தா ஒருத்தர் மகனக் கூட்டிக்கிட்டு வாராரு பாருங்க.”

பார்த்தோம். வராந்தாவின் கோடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கையில் உறையோடு, மகனை இழுத்துக்கொண்டு விரைந்து வந்துகொண்டிருந்தார். பேராசிரியருடன் பேசிப்பேசி நாங்கள் சன்னலை விட்டு வெகுதூரம் விலகி வந்திருந்தோம். அவருக்கும் சன்னலுக்கும் இடையே இருந்த தூரமும், எங்களுக்கும் சன்னலுக்கும் இடையே இருந்த தூரமும் ஒன்றே. நான் “ஆவுடை, பதற்றம் வேண்டாம், முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதி...” என்று தொடங்கினேன். வாக்கியம் முடிவதற்குள் அவள் அங்கே இல்லை.

ஓடினாள், தம்பி. புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில் ஒன்றை வேப்பமரத்தருகே விட்டுவிட்டு, என் மனைவி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பேருந்தைத் தவறவிட்ட நாள்களில்கூட, அடுத்தது வரும் என்று நிற்பவள். பிள்ளைகள் வழிவிட்டு, “அம்மா! அம்மா! விடாதீங்க!” என்று கத்தின. கைதட்டின. வெள்ளைச் சட்டைக்காரரும் ஏனென்று தெரியாமலேயே ஓடத் தொடங்கினார். இவள் முந்திவிட்டாள். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “ஜாக்ரபி, சார்! ஜாக்ரபி! மேப்பு, மழை, காத்து! கல்லு இல்ல!” என்றாள்.

எழுத்தர் அடித்து எழுதினார்.

அந்தச் சொல்லை என் வீட்டில் நான் அனுமதித்ததில்லை. இருப்பினும் இன்று, அவள் வாயிலிருந்து, அவ்வளவு மூச்சிரைப்புக்கு நடுவே அது வந்தபோது, குறை சொல்லத் தோன்றவில்லை. சுருக்கமாக இருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் பின்னால் வந்து நின்று, “வணிகவியலுக்கும் இங்கதான் நிக்கணுமா?” என்று கேட்டார். பிறகு எழுந்த சிரிப்பு எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. அவரும் சிரித்தார். அவர் மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் என் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். “எப்பா, எனக்கும் ஜாக்ரபி கெடைக்குமான்னு கேளேன்,” என்றான். “சும்மா இருல,” என்றார் அவர்.

எல்லோரும் சிரிக்க, அந்த நிலவியல் பேராசிரியர் மட்டும் வராந்தாத் தூணருகே தனியாக நின்றார். கிடைத்த ஒரே மாணவி கையை விட்டுப் போனால் யாருக்குத்தான் முகம் வாடாது? ஆவுடையம்மாள் அவரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

“அலைடு என்னம்மா போடட்டும்?” என்றார் எழுத்தர்.

நான் அவள் காதருகே குனிந்து, “தமிழ்,” என்றேன்.

“அது அலைடுல வராது அண்ணாச்சி. பொருளியல் இருக்கு, நிலவியல் இருக்கு.”

அவள் யோசிக்கவே இல்லை. “நிலவியலே போடுங்க சார். இவரு வாயால சொன்ன வார்த்தை. மேஜரா இல்லாட்டாலும் தொணையா இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள்.

கேட்டீர்களா? முதன்மைப் பாடம் அவள் தெரிவு. துணைப்பாடம் என் தெரிவு. அவள் எத்தனை நுட்பமாக என் யோசனையை ஏற்றுக்கொண்டாள், பாருங்கள். பேராசிரியர் மறுபடியும் என் கையைக் குலுக்கினார். சுத்தியல் உறுதியாயிற்று.

அவள் வாசிக்கும் அந்தப் புத்தகமா? புவியியல் துறை அம்மையார் இரவலாகத் தந்தது. வகுப்புத் தொடங்கப் பத்து நாள் இருக்கிறதே, அதுவரை கையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று இவள்தான் கேட்டு வாங்கினாள். பேருந்தில் ஏறியதிலிருந்து தலை நிமிரவில்லை. நடுநடுவே தலையாட்டுகிறாள். நான் கூறியவை அச்சில் இருப்பதைக் காணும்போதுதான் ஒருவர் அப்படித் தலையாட்ட முடியும்.

பதாகைக்காரனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். “தண்டமிழ் இலக்கியம்” என்பதன் மேல் வேறு தாள் ஒட்ட வேண்டும். புவியியல் என்று போடு என்றேன். என் கொள்கைக்கு மாறுதான். ஆனால் நிலவியல் என்று போட்டால் இன்று நான் வீட்டுக்குள் நுழைய முடியாது. படங்களையும் இடம் மாற்றச் சொன்னேன். நடுவில் மாணவி, மூலையில், வட்டத்துக்குள், வாழ்த்துவோன். வட்டம் சற்றுப் பெரிதாக இருக்கட்டும் என்றேன். அவ்வளவுதான்.

ஆ, பாவூர்ச்சத்திரம் தாண்டிவிட்டது. விழுகிறது, பாருங்கள். உங்கள் கண்ணாடியில், என் சட்டையில். நனையவும் இல்லை, காயவும் இல்லை என்றாளே, அது இதுதான். இல்லை, சன்னலைச் சாத்த வேண்டாம். படட்டும்.

பொறுங்கள். திரும்புகிறாள். எழுந்தே நின்றுவிட்டாள். என்னைத்தான் பார்க்கிறாள். “ஆவுடை, உட்கார், ஓட்டுநர் பிரேக் போடுவார்!”

“ஏங்க! கேட்டீயளா! அருவியால சாரல் இல்லையாம்! செங்கோட்டைப் பக்கம் மலையில ஒரு வழி விட்டுக் கெடக்காம், அது வழியா காத்து மழையக் கொண்டாருதாம்! எங்க ஊருக்கு நேரா அந்த வழி இல்லையாம்! சாரலாலதான் அருவியாம்! கேக்குதா?”

கேட்கிறது. பேருந்து முழுவதற்கும் கேட்கிறது. பெண்கள் வரிசை கைதட்டுகிறது, நடத்துநர் விசில் ஊதுகிறார். நீங்களும் ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன சொன்னேன்? அருவிக்கும் சாரலுக்கும் தொடர்பு உண்டு என்றேன். உண்டா, இல்லையா? முன்னது பின்னதாகவும், பின்னது முன்னதாகவும் மாறியிருக்கிறது. அச்சுப்பிழை. அழைப்பிதழில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் இடம் மாறிவிட்டால் திருமணம் நின்றுவிடுமா?

அவள் முகத்தைப் பாருங்கள். மணமாகி வந்து இதே சாலையில் இறங்கிய நாளில் இப்படித்தான் அண்ணாந்து நின்றாள். அப்போது நான் விளக்கம் சொல்லிவிட்டேன். சற்றுப் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்.

“மலை மறைக்கது நெசந்தானாம்!” என்கிறாள். கேட்டீர்களா, கேட்டீர்களா! “அடுத்தது டெல்லி!” என்கிறாள்.

வரட்டும், தம்பி. அதில் மட்டும் நான் தோற்கமாட்டேன். இந்தியப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியவன் நானே. ஆணி அடித்து, தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். டெல்லி மேலேதான் இருக்கிறது.